எடைப் பயிற்சியைப் பார்பெல்லில் தொடங்குவதா, இயந்திரத்தில் தொடங்குவதா?

புதுமுகம்:
எனக்கு வயது 41. எடைப் பயிற்சி செய்து பழக்கமே இல்லை. ஒரு பயிற்றுநர் முதல் நாளே பார்பெல் ஸ்குவாட் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீண்ட கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) செய்யலாம் என்கிறார். இன்னொருவரோ மூன்று மாதம் இயந்திரங்களில் பழகாமல் பார்பெல்லைத் தொடவே கூடாது என்கிறார். எதை ஏற்பது?

நிதானி:
இரண்டாமவர் சொல்வதையே ஏற்பேன். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று கூடுவது, பெரும்பாலும் தசை பெருப்பதால் அன்று. இருக்கும் தசையை முழுமையாகப் பயன்படுத்த நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால்தான். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அந்த வேகத்தில் உறுதிப்படுவதில்லை என்பதால், தூக்க முடிகிற எடைக்கும் மூட்டு தாங்குகிற எடைக்கும் இடையே ஓர் இடைவெளி உருவாகிறது. இயந்திரத்தில் எடை நகரும் பாதை வரையறுக்கப்பட்டது. சமநிலை தவறி எடையோடு விழும் அச்சம் அங்கே இல்லை.

இரும்புநேசன்:
தசைநாண் பற்றிக் கூறியது உண்மைதான். ஆனால் அது அவசரத்துக்கு எதிரான வாதமே ஒழிய, பார்பெல்லுக்கு எதிரானது அன்று. இயந்திரத்தில் செருகு ஊசியை ஒரு துளை கீழே மாற்றினால் எடை கூடிவிடுகிறது. அளவு மீறுவதற்கு அதைவிட எளிய வழி வேறில்லை. விழுந்துவிடும் அச்சத்துக்கும் விடை உண்டு. ராக்கின் (பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின்) பாதுகாப்புக் கம்பிகளை, ஸ்குவாட்டில் உட்காரும்போது ராடு (பார்பெல்லின் கம்பி) இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பொருத்திவிட்டால், எழ முடியாதபோது எடையை அவை தாங்கிக்கொள்ளும். வழக்கமான ராடு எடை ஏற்றாமலே 20 கிலோ. அது கனமென்றால் ஒரு டம்பெல்லை (ஒரு கையால் பிடிக்கும் சிறு எடை) மார்போடு அணைத்து ஸ்குவாட் செய்யலாம். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு, ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டினால் போதும்.

நிதானி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று முறை என்றால் நான்கு வாரத்தில் 30 கிலோ கூடுகிறது. 20 கிலோவில் தொடங்கிய 41 வயதுக்காரர் ஒரே மாதத்தில் 50 கிலோவைத் தோளில் சுமப்பார். இதைத்தான் அவசரம் என்கிறேன். டெட்லிஃப்டிலும் (தரையில் உள்ள பார்பெல்லைத் தூக்கி நிமிர்வது) சிக்கல் இருக்கிறது. முழு அளவுத் தட்டின் விட்டம் 45 செ.மீ.; அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். தொடக்கக்காரர் மாட்டும் சிறிய தட்டுகளில் அது தாழ்ந்துவிடுவதால், எடை குறைவாக இருந்தும் முதுகு வளைகிறது. இதை எத்தனை பயிற்றுநர்கள் கவனிக்கிறார்கள்?

இரும்புநேசன்:
ராட்டைக் கட்டைகளின் மீதோ ராக் கம்பிகளின் மீதோ உயர்த்தி வைத்துவிட்டால் டெட்லிஃப்ட் சிக்கல் தீரும். எடை கூட்டும் வேகத்தில் உங்கள் கணக்கை ஏற்கிறேன்: இவர் வாரம் ஒரு முறை கூட்டட்டும், அதுவும் கடைசி செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) இன்னும் இரண்டு ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) செய்ய முடியும் என்ற நிலை இருந்தால் மட்டுமே. மூன்று மாதக் காத்திருப்பைத்தான் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தில் வலுவேறியவர், சமநிலை பழகாத உடலோடு, பெரிய எடைகளைத் தூக்கும் எண்ணத்தில் பார்பெல்லிடம் வருகிறார். 20 கிலோவில் திருத்திக்கொள்ள வேண்டிய பிழையை அவர் 60 கிலோவில் செய்வார்.

மெல்லோட்டம்:
கேட்டவரின் இரத்த அழுத்தம் பற்றி நீங்கள் இருவருமே கேட்கவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயரும், கருவி எதுவானாலும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுப் பழக வேண்டும். மறுநாள் முதல் இரண்டு மூன்று நாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலியும் காலில் இறங்கும் மரத்துப்போன உணர்வும் இயல்பல்ல. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது.

புதுமுகம்:
இரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் நான் செல்லும் கூடத்தில் பாதுகாப்புக் கம்பியுள்ள ராக் இல்லை; பெரும்பாலும் தனியாகவே பயிற்சி செய்வேன்.

இரும்புநேசன்:
அப்படியானால் பார்பெல் ஸ்குவாட்டும், படுத்தபடி ராட்டை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸும் இப்போதைக்கு வேண்டாம், டம்பெல்லில் தொடங்குங்கள். முடியாதபோது டம்பெல்லைப் பக்கவாட்டில் இறக்கிவிடலாம், கழுத்தின் மீது ராடு சிக்கிக்கொள்ளாது.

நிதானி:
அதோடு, காலால் எடையைத் தள்ளும் இயந்திரமான லெக் பிரஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை அளவுக்கு மீறி இறங்காமல் நிறுத்தும் அதன் தடுப்பு எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை, எடை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.