மச்சானின் துபாய் கடை வரவு என் கணக்கில் வரலாமா?

கேள்வி, கீழக்கரை:
மனைவியின் அண்ணன் துபாயில் கடை வைத்திருக்கிறார். கடை வரவை மாதாமாதம் என் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன் என்கிறார். வரி வருமா?

பதில், இராமநாதபுரம்:
அன்பளிப்பு என்றால் மச்சான் தருவதற்கு வரியில்லை. பெரியம்மா மகன், மாமா மகன் அந்த உறவுப் பட்டியலில் இல்லை. அவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. ஆனால் மச்சான் சொல்கிற ஆளுக்கு நீங்கள் மாற்றிவிடப் போகிற கடைப் பணம் என்றால் அது அன்பளிப்பே ஆகாது. வங்கிப் படிவத்தில் அதைக் குடும்பச் செலவு என்று, அதற்கான பி1301 என்ற குறியீட்டில் போட்டுவிட்டால், நோட்டீஸ் வரும்போது கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பதில், தொண்டி:
மச்சான் பெயரிலேயே என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லுங்க பாய். வட்டிக்கு இங்கே வரி கிடையாது, கணக்கைக் கையாள உங்களுக்கு மேண்டேட் (அனுமதி) கொடுத்தால் உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கலாம்.

பதில், பெரியபட்டினம்:
உண்டியல் (ஹவாலா) காசை மட்டும் தொடவே தொடாதீங்க. வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக இங்கே யாரோ வீட்டு வாசலில் நீட்டும் பணக்கட்டை வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 3ஆம் பிரிவுக்கு விரோதம். தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதம்.