உதவி: ஊஞ்சலைக் கப்பலில் அனுப்ப முடியுமா? (அவசரம்)

பொன்னேரிக்காரன்
வணக்கம். புது வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் 12ஆம் தேதி சேர வேண்டும். சாமான்களைக் கப்பலில் அனுப்ப இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 95 ஆயிரம் என்கிறார், இன்னொருவர் 2 லட்சத்து 40 ஆயிரம். அதே சாமான், அதே ஊர்! ஊஞ்சல், கட்டில், பீரோ, பாத்திரப் பெட்டிகள், அவ்வளவுதான். குறைத்துச் சொன்னவர், ‘மரத்துக்கு சர்டிபிகேட் நீங்களே வாங்கிக்கோங்க’ என்கிறார். என்ன சர்டிபிகேட்? யாரிடம் வாங்குவது? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

தாழை
எந்த நாடு?

கும்கி77
நாட்டைச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். என்ன மரம்? மொத்தம் எத்தனை சிபிஎம்? கம்பெனி பணம் தருகிறதா, கைக்காசா?

கப்பித்தான்
இந்தக் கேள்விக்கு இங்கேயே நூறு தடவை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: 95 ஆயிரம் என்பது அந்த ஊர்த் துறைமுகம் வரைக்கும். அங்கே இறக்குகூலி, கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, குவாரன்டைன் சோதனை, வீட்டுக்குக் கொண்டுவரும் லாரி எல்லாம் உங்கள் தலையில். ‘வீட்டு வாசல் வரைக்குமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த இழையே வேண்டாம்.

மெல்பர்ன்மாமி
கப்பித்தான் அண்ணா, விஷயம் சரி. அதை அன்பாகச் சொன்னால் என்ன?

பொன்னேரிக்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. மெல்பர்ன். ஊஞ்சலும் கட்டிலும் தேக்கு. ஊஞ்சல் கொள்ளுத்தாத்தா காலத்தது. சிபிஎம் என்றால் என்ன?

கும்கி77
கன மீட்டர். சாமான் குறைவு என்றால் எல்சிஎல், அதாவது மற்றவர்கள் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போகும். எடையைவிட இடத்துக்குத்தான் காசு. 20 அடி கன்டெய்னருக்கு உள்ளே சுமார் 33 சிபிஎம். உங்களுக்கு அதில் ஒரு மூலை போதும். ஊஞ்சல் பலகை 5 அடிக்கு 2 அடி, 2 அங்குல கனம் என்றால் 0.05 சிபிஎம்கூட வராது. ஆனால் ஆறரை அடி இரும்பு பீரோ தனியாகவே 0.85 வரும். மெல்பர்னில் பெரும்பாலான வீட்டில் சுவரோடு அலமாரி இருக்கும். பீரோவை இங்கேயே தள்ளிவிடுங்கள்.

தாழை
ஆஸ்திரேலியாவா! அப்படியென்றால் சர்டிபிகேட் என்பது பியூமிகேஷன் சர்டிபிகேட், அதாவது பூச்சி சாக வாயு போட்டதற்கான சான்று. எங்கள் அத்திம்பேர் போனபோது, மரத்தில் பூச்சி நீக்கியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருந்தால் போதும் என்றார்கள்.

கப்பித்தான்
தப்பு. அந்த முத்திரை சாமான் கட்டும் மரப்பெட்டிக்கும் பேலட்டுக்கும்தான், கட்டிலுக்கு இல்லை. அரைகுறையாகக் கேட்டதை எழுதி ஆளைக் குழப்பாதீர்கள்.

தச்சன்பிள்ளை
சர்டிபிகேட் இருக்கட்டும், முதலில் மரத்தைப் பாருங்கள். ஊஞ்சலைத் திருப்பிப் போட்டு அடியில் கறுப்புத் துணி விரித்து இரண்டு ராத்திரி விடுங்கள். காலையில் துணியில் மைதா மாதிரி தூள் கிடந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. குண்டூசித் தலை அளவில் வட்டத் துளை இருந்து, தூள் விழவில்லை என்றால் பழைய சேதமாக இருக்கலாம். ஆனால் அங்கே சோதிக்கிறவர் துளையைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார்.

ராயபுரம்ராஜா
தேக்கு உளுக்காது. சும்மா பயமுறுத்துகிறார்கள்.

தச்சன்பிள்ளை
வைரம் பாய்ந்த தேக்கு உளுக்காது, சரி. ஓரத்தில் வெள்ளையாக இருக்கும் கட்டையை வண்டு விடாது. பழைய ஆசாரிகள் வெள்ளையை இழைத்துத் தள்ளிவிடுவார்கள். இப்போது அதையும் சேர்த்தே பாலீஷ் போட்டு விற்கிறார்கள்.

ராயபுரம்ராஜா
எங்கள் வீட்டு நிலைப்படி 60 வருஷம். ஒரு துளை இல்லை.

தச்சன்பிள்ளை
அது வைரக்கட்டை அய்யா. அதைத்தானே சொன்னேன்.

கப்பித்தான்
தேக்கு ஆராய்ச்சி போதும். பியூமிகேஷன் பற்றிச் சொல்கிறேன். மெத்தில் புரோமைடு வாயு, 21 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கும் கம்பெனிதான் செய்ய வேண்டும். தெருக்கோடியில் கரையானுக்கு மருந்தடிப்பவர் தரும் காகிதம் அங்கே செல்லாது. முக்கியமானது: பேக்கர்ஸ் முதலிலேயே பிளாஸ்டிக் சுற்றிவிட்டால் வாயு உள்ளே போகாது. வாயு முதலில், சுற்றுவது அப்புறம்.

மெல்பர்ன்மாமி
ரப்பர் மெத்தை, இறகுத் தலையணை, தோல் சோபா எதையும் அதோடு வைக்காதீர்கள். நாற்றம் பிடித்தால் போகவே போகாது. எனக்கு அனுபவம், ஒரு மெத்தையை அப்படியே தூக்கிப் போட்டேன்.

இன்னொன்று. பாத்திரத்துக்குள் இடம் வீணாகிறதே என்று அம்மா பருப்பு, சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் கட்டி வைப்பார்கள். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு பயத்தில் 2020 முதல் இதையெல்லாம் வீட்டுச் சாமானோடு அனுப்பக் கூடாது. அரிசியும் கூடாது. என் தோழி பெட்டியில் அஞ்சறைப் பெட்டி நிறைத்தபடியே போய்ச் சேர்ந்தது. மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்து வாடகையும் வாங்கினார்கள்.

நெய்தல்
கொள்ளுத்தாத்தா காலத்து ஊஞ்சல் என்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு மேல் என்றால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் மாட்டும். தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டி வரும்.

ராயபுரம்ராஜா
ஊஞ்சலுக்கு ஜெயிலா? நல்ல வேடிக்கை.

பொன்னேரிக்காரன்
அப்பாவிடம் கேட்டேன். தாத்தா கல்யாணத்துக்கு 1951இல் செய்ததாம். கொள்ளுத்தாத்தா காசு கொடுத்தாராம், அவ்வளவுதான். கட்டில் தலைமாடு மட்டும் ஈட்டி மரம் என்கிறார். தேக்கென்று நினைத்திருந்தேன்.

கப்பித்தான்
போச்சு. ஈட்டி டால்பெர்ஜியா இனம். 2017 ஜனவரி முதல் ஈட்டியும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில். அதற்குத் தனிக் காகிதம், தனி அலைச்சல். 12ஆம் தேதிக்குள் நடக்காது. கட்டிலை விட்டுவிட்டுப் போங்கள்.

தாழை
ஊஞ்சலை எங்கே மாட்டப் போகிறீர்கள்? அங்கே வாடகை வீட்டில் கூரை ஜிப்சம் பலகை. கொக்கி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும்.

மெல்பர்ன்மாமி
உண்மைதான். அதற்கு மேலே இருக்கும் மர உத்தரத்தைக் கண்டுபிடித்து மாட்ட வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இரும்பு ஸ்டாண்டில் தொங்கவிட்டிருக்கிறார். பிள்ளைகள் ஆடினால் கிரீச் கிரீச்சென்று கேட்கிறது.

ராயபுரம்ராஜா
ஸ்டாண்டில் ஆடுவது ஊஞ்சலா? பூங்காவில் ஆடுகிற மாதிரி இருக்கும்.

கும்கி77
ஆரம்பித்துவிட்டார்.

நெய்தல்
ஒரு சேமிப்புக் குறிப்பு. கிளம்புவதற்கு முன்பே 12 மாதம் நீங்கள் வைத்திருந்து புழங்கிய சாமான் என்றால் வரி கிடையாது. பி534 என்ற ஆஸ்திரேலியப் படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள். ‘இதர பொருட்கள்’ என்று எழுதாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே இருப்பதை எழுதுங்கள். நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்தால் பல இன்சூரன்ஸ் தராது. பாலிசியில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்கி77
பொன்னேரி சார், கறுப்புத் துணி வைத்தீர்களா?

கும்கி77
ஆள் எங்கே?

பொன்னேரிக்காரன் (பதினெட்டு நாள் கழித்து)
மெல்பர்னிலிருந்து. துணியில் தூள் விழவில்லை. கட்டில் தங்கை வீட்டுக்கு, பீரோ பக்கத்து வீட்டுக்கு. பலகை, பித்தளைச் சங்கிலி, பாத்திரம் ஒன்பது பெட்டி மட்டும் கப்பலில். வாசல் வரைக்கும் 1 லட்சத்து 30 ஆயிரம், பியூமிகேஷன் சேர்த்து. அம்மா பெட்டியில் ஒரு கிலோ துவரம்பருப்பு இருந்தது, கடைசி நிமிஷம் எடுத்தோம். அனைவருக்கும் நன்றி. வேலை தலைக்கு மேல், அப்புறம் எழுதுகிறேன்.

தாழை
கொக்கிக்கு வீட்டுக்காரர் சம்மதித்தாரா?

ராயபுரம்ராஜா
ஸ்டாண்டு வாங்கிவிடாதீர்கள்.