ராப் பரோ ஆட்டக்காரராக எப்படி? ரக்பி லீக் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி:
லீட்ஸ் மாரத்தானில் சக்கர நாற்காலியில் இருந்த நண்பரை ஒருவர் கைகளில் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டும் காணொளியை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். தூக்கியவர் கெவின் சின்ஃபீல்ட், கையில் இருந்தவர் ராப் பரோ, 2023 மே மாதம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. ஆனால் தேடிப் படித்தால் எல்லாரும் அவருடைய நோயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், ரக்பி லீக் ஆடியவர் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். அவ்வளவு சின்ன உடம்போடு அந்த மைதானத்தில் எப்படி நின்றார்? உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, இல்லை நோய்க்குப் பிறகுதான் பெயர் பெரிதானதா? மரியாதையோடுதான் கேட்கிறேன். ரக்பி லீக்குக்கும் யூனியனுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் எனக்குத் தெரியாது, அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பந்துப்பித்தன்:
பெரிய ஆட்டக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம்.

முதலில் விளையாட்டு. 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தன. அங்கே ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு, அதை ஈடுகட்டிக் கொடுக்கக்கூடாது என்று மேலே இருந்தவர்கள் பிடிவாதமாக நின்றார்கள், பிரிவு அதில்தான் தொடங்கியது. அப்படி வளர்ந்ததுதான் லீக். யூனியனில் 15 பேர், இதில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறிவிடும். மடக்கப்பட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னால் உருட்டுவார், பின்னால் நிற்பவர் அதை எடுத்துக் கொடுப்பார் அல்லது தானே ஓடுவார். ஒவ்வொரு முறையும் தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்கி, திரும்ப முன்னால் வந்து இடிக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஆட்கள் இதையே எண்பது நிமிடம் செய்கிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ராப். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 70 கிலோவுக்குள்தான். ரக்பி லீக்கின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலேயே மிகச் சிறிய ஆட்டக்காரர் என்று ஆடிய காலம் முழுக்க அவரைச் சொன்னார்கள். 2001-ல் லீட்ஸ் ரைனோஸ் அணிக்காக ஆடத் தொடங்கினார், அந்த வருஷமே சூப்பர் லீக்கின் சிறந்த இளம் வீரர். அதன்பிறகு வேறு கிளப்புக்குப் போகவே இல்லை. 2017 வரை 17 பருவம், 492 ஆட்டம். லீட்ஸ் சாம்பியன் ஆகி 32 வருஷம் கழித்து 2004-ல் மறுபடி வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அதிலிருந்து மொத்தம் எட்டு கிராண்ட் ஃபைனல் வெற்றி, சூப்பர் லீக் சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டம் அது. நாக் அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையும் 2014, 2015-ல் உண்டு. 2007-ல் கிரேட் பிரிட்டன் நியூசிலாந்தை 3-0 என்று வென்ற தொடரிலும் ஆடினார். இதெல்லாம் நோய் வருவதற்கு வெகு முன்னால் நடந்தவை.

லீட்ஸ்வாசி:
பித்தன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்று விட்டுவிட்டார், என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

ராபின் இடம் ஸ்க்ரம் ஹாஃப், ஏழாம் எண் சட்டை. ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. ஆனால் ஆடிய காலத்தின் பிற்பாதியில் பெரும்பாலும் மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு ஹூக்கராக, அதாவது மடக்கப்பட்டவருக்குப் பின்னால் நின்று பந்தை எடுப்பவராக உள்ளே வந்தார். நாட்டுக்காக ஆடிய ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு கிளப்புக்குப் போயிருந்தால் எண்பது நிமிடமும் ஆடியிருப்பார். போகவில்லை.

2011 கிராண்ட் ஃபைனல் பாருங்கள், மான்செஸ்டர் ஓல்ட் ட்ராஃபர்டில். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ். லீட்ஸ் அந்த வருஷம் பட்டியலில் ஐந்தாவதாக முடித்த அணி, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. முதல் பாதியில் மாற்று வீரராக உள்ளே வருகிறார். நடுக்கோட்டுப் பக்கம் பந்தை எடுத்தவர் யாருக்கும் கொடுக்கவில்லை, நேராகத் தடுப்பு வரிசைக்குள் ஓடுகிறார். கழுத்தை வளைக்க வரும் கைக்கு அடியில் குனிந்து வெளியே வருகிறார், நம் ஊர்க் கபடியில் சின்னப் பையன் ஒருவன் சங்கிலி போட்ட கைகளுக்கு அடியில் நழுவுவானே, அதே மாதிரி. அப்புறம் எதிரில் கடைசியாக நின்ற ஃபுல்பேக்கையும் ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் ஓடி ட்ரை போட்டுவிட்டார், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டார். உயரம் இல்லாததால் நஷ்டம் என்று நினைக்கிறோம், அந்த ஓட்டம் உயரமான ஆளால் முடியாது. இரண்டாம் பாதியில் லீட்ஸ் 8-16 என்று பின்தங்கி, கடைசியில் 32-16 என்று வென்றது. ஆட்டநாயகனுக்கான ஹாரி சண்டர்லண்ட் கோப்பைக்கு ஓட்டுப் போட்ட செய்தியாளர்கள் அத்தனை பேரும் அவர் பெயரையே எழுதினார்கள், அதற்கு முன் அப்படி யாருக்கும் நடந்ததில்லை. 2007-லும் அதே கோப்பை அவருக்குத்தான்.

அவர் ஆடிய கடைசி ஆட்டமும் ஓல்ட் ட்ராஃபர்டில்தான், 2017 ஃபைனல், காசில்ஃபோர்டை 24-6 என்று வென்றார்கள். முப்பத்தைந்து வயது, கையில் கோப்பை. ஓய்வுக்குப் பிறகு கிளப்பிலேயே இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2019 டிசம்பரில்தான் மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் நோய், என்று தெரிந்தது.

நான் இந்த ஊருக்கு வந்தபோது அவர் ஆடி முடித்துவிட்டார், நேரில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் என்னோடு வேலை பார்க்கும் வயதான ஒருவர் ராப் என்று ஆரம்பித்தால் நோய்க்கு வரவே மாட்டார், அந்த ட்ரையைக் கையால் வரைந்து காட்டிக்கொண்டிருப்பார்.

கரும்பலகை:
ஒரு கேள்வி. இத்தனை வருஷம் தலையில் வாங்கிய இடிதான் நோய்க்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்களே, அது உண்மையா? என் மகன் பள்ளியில் ரக்பி சேர வேண்டும் என்கிறான், அதனால் கேட்கிறேன்.

அல்லிக்குளம்:
கரும்பலகை, என் அப்பாவுக்கு இதே நோய், மூன்று வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டேன், அதனால் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அப்பா வாழ்க்கையில் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ரக்பி வீரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2022-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது, அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அவர்கள் யூனியன் ஆடியவர்கள், ஆய்வில் இருந்த ஆட்களும் சில நூறு பேர்தான். ராபுக்கு எதனால் வந்தது என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. பையனை ஆடவிடுங்கள், தலையில் அடி பட்டால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்துகிற பயிற்சியாளரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்குருவி, நீங்கள் கேட்டதற்கும் ஒன்று சொல்கிறேன். பேச்சு போன பிறகு ராப் கண் அசைவால் இயங்கும் கணினி வழியாகப் பேசினார், அதில் வந்த குரல் அவருடைய பழைய பதிவுகளிலிருந்து உருவாக்கிய அவருடைய குரலே. 17 வருஷம் ஆடிப் பேட்டி கொடுத்திருந்ததால் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் குரலைப் பதிந்துவைக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது ஏற்கனவே குழற ஆரம்பித்துவிட்டது. 2024 ஜூன் 2 அன்று ராப் இறந்தார், வயது 41. மறுநாளே அவர் பெயரில் லீட்ஸில் இந்த நோய்க்கான மையத்தைக் கட்டும் வேலை ஆரம்பித்தது. எங்களுக்கு அப்படி ஒரு இடம் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. அல்லிக்குளம், உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். 2011 ட்ரையைத் தேடிப் பார்த்துவிட்டேன், அந்தக் கைக்கு அடியில் குனிகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கெவின் சின்ஃபீல்ட் அப்போது அதே அணியின் கேப்டனாக இருந்தவர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். முழு ஆட்டம் ஒன்று பார்க்க வேண்டும் என்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

லீட்ஸ்வாசி:
2007 ஃபைனல். அதுவும் செயின்ட் ஹெலன்ஸோடுதான், 33-6. ராப் அதில் ஏழாம் எண் சட்டையில் முதல் நிமிடத்திலிருந்தே ஆடுகிறார். 2020 டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினாரே, அந்த ஏழு இந்தச் சட்டை எண்தான்.