பாகிஸ்தான்ல உண்மையான பவர் யார்கிட்ட?

சும்மா ஒரு டவுட்டு: அங்க எலெக்‌ஷன்லாம் நடக்குது, ஆனா ஒரு பிரதமர் கூட அஞ்சு வருஷம் முழுசா முடிச்சதில்லங்கறாங்களே, நிஜமாவா? அப்போ இந்தியா யார்கூட பேசறது?

டீக்கடை பெஞ்ச்: நிஜம்தான் ப்ரோ. ராணுவத் தளபதிங்கதான் அங்க பவர்: அயூப் கான் 1958, ஜியா 1977, முஷாரஃப் 1999னு நேரடியா ஆட்சியப் புடிச்சாங்க, மத்த நேரம் பின்னாடி இருந்து கயிறு இழுக்கறது. காஷ்மீர், ஆப்கான், அணுகுண்டு மூணும் ராவல்பிண்டி (ராணுவத் தலைமையகம் இருக்கற ஊர்) டிபார்ட்மெண்ட்.

வெட்டிப்பேச்சு: 1999 பிப்ரவரில வாஜ்பாய் பஸ்ல லாகூர் போய் அப்போ பாகிஸ்தான் பிரதமரா இருந்த நவாஸ் ஷெரீஃப்கூட அமைதிக்கான லாகூர் பிரகடனத்துல கையெழுத்து போட்டாரு, மே மாசமே கார்கில் வெடிச்சிருச்சு, அக்டோபர்ல நவாஸே அவுட்டு, இதுக்கு மேல என்னத்த சொல்ல.

மாத்தியோசி: முழுசா ஒத்துக்க மாட்டேன். 2003ல எல்லைல போர்நிறுத்தம் வந்தது அதே முஷாரஃப் காலத்துலதானே? தளபதியே ஓகே சொன்னா வேலை சீக்கிரம் நடக்குது, என்ன பண்றது.