2021இல் தலை எண்ணியது யார்?

பாம்பன் வாத்தியார்:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். ஆர் என்ற கணினி மொழியில், தரவை இறக்கித் தரும் டபிள்யூடிஐ என்ற பேக்கேஜைப் போட்டால் இரண்டே வரியில் அரசின் அதிகாரப்பூர்வ மக்கள்தொகை கைக்கு வந்துவிடுமாம், இனி எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்க வேண்டாமாம். அதோடு விட்டாரா? ஐஸ் பிளாண்ட் லோனுக்கான திட்ட அறிக்கையில் "ராமநாதபுரம் மாவட்டம், 2021, 15 லட்சத்துச் சொச்சம், அதிகாரப்பூர்வம்" என்று அச்சடித்தும் வைத்துவிட்டார். 2021இல் இந்த நாட்டில் சென்சஸே நடக்கவில்லை. கொரோனாவில் தள்ளிப்போனது, இனி 2027 மார்ச் 1தான் கணக்குத் தேதி. நான் கேட்பது ஒன்றே ஒன்று: 2021இல் தலை எண்ணியது யார்?

தொண்டி டேட்டா:
அந்தத் தம்பி நான்தான். சார், நாட்டின் குறியீட்டையும் மக்கள்தொகைக்கான குறியீட்டையும் கொடுத்தேன், 2021க்கு 140 கோடிக்கு மேல் என்று வந்தது. உலக வங்கி கொடுக்கும் எண். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனை பண்ணவில்லை.

பாம்பன் வாத்தியார்:
உலக வங்கி எப்போது ராமநாதபுரத்துக்கு வந்தது?

தொண்டி டேட்டா:
அதில் மாவட்டம் கிடையாது, நாட்டு அளவுதான். 2011க்கும் 2021க்கும் இடையே இந்தியா வளர்ந்த விகிதத்தை நம் மாவட்டத்தின் 2011 சென்சஸ் எண்ணான 13,53,445 மேல் போட்டேன். கணக்கு சரிதானே?

பாம்பன் வாத்தியார்:
பெருக்கல் சரி தம்பி. நம் மாவட்டம் என்றைக்கு இந்தியாவோடு ஒரே வேகத்தில் வளர்ந்தது? 2001இல் 11,87,604. பத்து வருடத்தில் 13.96 சதவீதம்தான் கூடியது. அதே பத்து வருடத்தில் நாடு 17.7. இங்கே தண்ணீர் கிடையாது, பிழைப்புக்கு ஊரை விட்டுப் போகிறவன்தான் அதிகம். இந்தியா வளர்ந்ததால் ஏர்வாடியும் அதே கணக்கில் வளர்ந்தது என்றால், டெல்லியில் மழை பெய்ததற்கு முதுகுளத்தூர் கண்மாய் நிரம்பியது மாதிரி. சரி, அதை விடுங்கள். 2021இல் தலை எண்ணியது யார்?

மண்டபம் மாப்ள:
பைத்தானில் எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஒற்றை எழுத்தில் ஒரு மொழி, அதை நம்பி ஒரு லோன்.

தொண்டி டேட்டா:
பைத்தானில் கேட்டாலும் அதே உலக வங்கி, அதே எண்தான் மாப்ள. மொழியை மாற்றினால் ஜனம் கூடுமா?

தேவிபட்டினம் பொறியாளர்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்த மக்கள்தொகைக் குறியீட்டின் விளக்கத்தை, பேக்கேஜ் எண்ணை வாங்கும் அதே உலக வங்கி ஏபிஐயில் (நிரல்கள் தரவு கேட்கும் வழி) கேட்டால், இது நடுவாண்டு மதிப்பீடு என்று வரும். ஐநா கணிப்பை ஒட்டிய எண். அதனால்தான் 2011க்கே சென்சஸ் 121 கோடி என்கிறது, பேக்கேஜ் 125 கோடிக்கு மேல் காட்டுகிறது. ஐநா தன் கணிப்பைத் திருத்தும்போது பழைய வருடங்களின் எண்ணும் மாறிவிடும். நம் அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்போ 2021 மார்ச்சுக்கு 136 கோடிச் சொச்சம். அதில் மாநிலம் வரைக்கும்தான் உண்டு, மாவட்டம் இல்லை. ஆக, "அதிகாரப்பூர்வம்" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டால்...

பாம்பன் வாத்தியார்:
விளக்கம் எல்லாம் சரி சார். 2021இல் யார் எண்ணினார்கள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறதா? இல்லை.

தொண்டி டேட்டா:
2012, 2013, 2014 எல்லாவற்றுக்கும்தான் பேக்கேஜில் எண் இருக்கிறது. வருஷா வருஷம் நீங்கள் படிவத்தோடு கிளம்பினீர்களா? எண்ணாமலும் எண் வரும் சார். அதற்குப் பெயர்தான் மதிப்பீடு.

பாம்பன் வாத்தியார்:
அப்படியானால் "மதிப்பீடு" என்று அச்சடித்திருக்க வேண்டியதுதானே? "அதிகாரப்பூர்வம்" எங்கிருந்து வந்தது?

தம்பி, 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நான் வீடு வீடாக ஏறி இறங்கியவன். 28 ராத்திரி வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரை, பஸ் ஸ்டாண்டு, கோயில் மதில் ஓரம், எல்லா இடத்திலும் டார்ச் அடித்துக்கொண்டு போனோம். படுத்திருப்பவர் காசியிலிருந்து வந்த யாத்ரீகரா, வீடே இல்லாதவரா என்று எழுப்பித்தான் கேட்க வேண்டும். ஒரு பெரியவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு அடிக்கவே வந்துவிட்டார். அப்படித் திரட்டியதுதான் ராமேஸ்வரம் நகராட்சியின் 44,856. இரண்டு வரியில் வந்ததில்லை.

கீழக்கரை காக்கா:
அதே வருடம் எங்கள் தெருவுக்கு வந்தவர், வளைகுடாவில் இருக்கும் என் இரண்டு தம்பிமாரையும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். வீடு அவர்கள் பேரில், ரேஷன் கார்டிலும் பேர் இருக்கிறது, ஆனால் கணக்கில் ஆள் இல்லை. இதுதான் நீங்கள் திரட்டிய லட்சணமா வாத்தியாரே?

பாம்பன் வாத்தியார்:
விதி அதுதான் காக்கா. அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. உங்கள் தெருவுக்கு வந்தது நானும் இல்லை.

கீழக்கரை காக்கா:
நீங்கள்தான் என்று நான் சொன்னேனா?

தொண்டி டேட்டா:
சென்சஸ் முடிந்த பிறகு அவர்களே நடத்திய சோதனைக் கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. அந்த 23 பேர் உங்கள் டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லையா சார்?

பாம்பன் வாத்தியார்:
அது நாடு முழுக்கச் சராசரி! எண்ணுவதற்கு எனக்கு ஒதுக்கிய பிளாக்கில் ஒரு தலை விடவில்லை. குந்துகால் கரையில் படகுக்குள் தூங்கியவனைக்கூட எழுப்பி எழுதினேன். நாட்டுச் சராசரியைத் தூக்கி ஊர் மேல் வைப்பதே உங்களுக்கு வேலையாகப் போய்விட்டது.

மண்டபம் மாப்ள:
போன மாதம் பழைய பாம்பன் பாலம் திறந்தது 1913 என்று அடித்துப் பேசியவரும் இந்த வாத்தியார்தானே?

பாம்பன் வாத்தியார்:
1914 பிப்ரவரி. அது கைதவறி அடித்தது, மறுநாளே திருத்திவிட்டேன். அதை இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கிக்கொண்டு அலைவாய்?

மண்டபம் மாப்ள:
மறுநாள் இல்லை, நாலாம் நாள்.

தேவிபட்டினம் பொறியாளர்:
அறிக்கையில் 2011 எண்ணை அப்படியே போட்டு, பக்கத்தில் வருடத்தையும் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? மாவட்டக் குறியீடு 626 என்று தேடினால் சென்சஸ் அட்டவணையிலேயே கிடைக்கும்.

தொண்டி டேட்டா:
பத்துப் பதினைந்து வருடப் பழைய எண்ணை வைத்து எந்த மேனேஜர் லோன் தருவார்? பேக்கேஜில் புதிய எண் வருகிறது, நான் அதைத்தான் போடுவேன்.

பாம்பன் வாத்தியார்:
போடுங்கள். மேனேஜர் என் பழைய மாணவராக இருந்தால் நான் கேட்டதையே அவரும் கேட்பார்: 2021இல் யார்...

கீழக்கரை காக்கா:
முதலில் என் தம்பிமார் இரண்டு பேரையும் எங்கே எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் 2021க்கு வரலாம்.

மண்டபம் மாப்ள:
நாலாம் நாள்தான். ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.