எறிபொருள் மோதும் எஃகுத் தகடு: பின் விளிம்பில் எழும் இரண்டாம் விரிசல் குறித்து உதவி தேவை

அன்புடையீர், வணக்கம்.

இரு இணையான வெட்டுகள் கொண்ட எஃகுத் தகட்டில், அவ்வெட்டுகளுக்கு இடைப்பட்ட விளிம்பை எறிபொருள் தாக்கும் கல்தாஃப்–விங்க்ளர் சோதனையை, ஸ்டுவர்ட் சில்லிங் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த பெரிடைனமிக்ஸ் முறையில் (பொருளை, பிணைப்புகளால் இணைந்த புள்ளிகளின் தொகுப்பாகக் கொள்ளும் முறை) கணினியில் உருவகப்படுத்தி வருகிறேன். நொடிக்கு ஏறத்தாழ 32 மீட்டர் வேகத்தில், வெட்டின் நுனியிலிருந்து விரிசல் சுமார் 70 பாகைச் சாய்வில் ஓட வேண்டும்; புள்ளி இடைவெளி 1 மில்லிமீட்டராக இருக்கையில் எனக்கு 67 பாகை கிடைக்கிறது, அதில் குறையில்லை.

இடைவெளியை 0.5 மில்லிமீட்டராகக் குறைத்ததும்தான் தொல்லை: எதிர்ப்புற விளிம்பிலிருந்து இன்னொரு விரிசல் கிளம்பி உள்நோக்கி வருகிறது. அமுக்க அலை அவ்விளிம்பில் பட்டு இழுவிசை அலையாகத் திரும்புவதே காரணம் என ஊகிக்கிறேன். செல்வாக்கு ஆரத்தை (ஒரு புள்ளி எவ்வளவு தொலைவு வரையுள்ள புள்ளிகளோடு பிணைகிறது என்ற அளவு) எப்போதும் இடைவெளியின் மும்மடங்காக வைத்து, பிணைப்பு அறுபடும் நீட்சி வரம்பையும் அதற்கேற்ப மறுபடி கணக்கிட்டுவிட்டேன் (முதலில் இதை மறந்து ஒரு வாரத்தை வீணாக்கியதும் உண்மை).

விளிம்பிலுள்ள புள்ளிகளுக்கு அண்டைப் புள்ளிகள் குறைவு என்பதால், அங்கே பொருள் வலுவிழந்தது போன்ற பொய்த்தோற்றம் எழுகிறது. இதற்கான மேற்பரப்புத் திருத்தத்தைப் பயன்படுத்தியவர்கள், அது இரண்டாம் விரிசலைத் தணித்ததா என்றும், செயற்கைப் பாகுநிலையை (அலைகளின் அதிர்வைத் தணிக்கக் கணக்கில் சேர்க்கும் தடை) எவ்வளவு வரை சேர்த்தால் முதல் விரிசலின் கோணம் கெடாது என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். உள்ளீட்டுக் கோப்பைக் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.