பட்டர்வொர்த் தாத்தா குடும்பம் (மலேசியா, வாட்ஸ்அப் குழு)

நேசம் அத்தை, காலை 8:12
சனிக்கிழமை ஜெபக் கூட்டம் என் வீட்டில். போதகர் ஈப்போ போகிறார், வர மாட்டார். தலைப்பு மட்டும் கொடுத்துவிட்டார்: தேவ நீதியும் அன்றாட வாழ்க்கையும். செய்தி யார் கொடுப்பது?

ரூத் அத்தை, 8:15
அண்ணன்தான். வேறு யார்

டேனியல், 8:16
பெரியப்பா என்றால் ஒன்றரை மணி நேரம். பிரியாணி ஆறிவிடும் 😂

சாமுவேல் பெரியப்பா, 8:47
அனைவருக்கும் ஸ்தோத்திரம். தேவ நீதி என்றதும் சோதோம்மேல் விழுந்த அக்கினிதான் உங்களுக்கு நினைவு வரும். எசேக்கியேல் 16:49 எடுத்துப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் என்று அங்கே சொல்லியிருப்பது கர்வம், வயிறு நிறைந்த சுகம், ஏழைக்குக் கை கொடுக்காதது. நியாயத்தீர்ப்பு கடைசி நாளுக்கு மட்டும் உரியது அல்ல. லேவியராகமம் 19:36ல் ஆண்டவர் தராசைப் பற்றியும் படிக்கல்லைப் பற்றியும் பேசுகிறார். நம் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் நிறுவையில் கிராணி (தோட்டக் கணக்கர்) இரண்டு ராத்தல் அமுக்குவார், கூலி குறையும். அப்பா அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்குவார். தொடரும்...

ஜெனிபர், 8:49
தொடரும் போட்டாச்சு 🙈

நேசம் அத்தை, 8:55
கூலி என்றதும் ஞாபகம் வருகிறது. வில்சன் கடையில் இருக்கும் பங்ளாதேஷ் பையனுக்குப் போன மாதச் சம்பளம் வரவில்லையாம். நேற்று சந்தையில் என்னிடம் அழுதான்.

வில்சன், 8:56
அத்தை இதைக் குழுவில் போடணுமா

வில்சன், 8:58
குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக் கதவை உடைத்தான். 600 வெள்ளி (ரிங்கிட்). பழிவாங்குதல் எனக்குரியது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், அதனால்தான் நான் போலீசுக்குப் போகவில்லை. சம்பளத்தை மட்டும் நிறுத்தி வைத்தேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்

ரூத் அத்தை, 8:59
உன்னையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்

டேனியல், 9:01
அண்ணே, வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கணும். இன்று தேதி 19

வில்சன், 9:01
கோலாலம்பூர் வக்கீல் வந்துட்டார்

சாமுவேல் பெரியப்பா, 9:20
உபாகமம் 24:14, 15. கூலிக்காரன் உன் சகோதரனோ, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியனோ, இருவரும் ஒன்றே. அன்றன்று பொழுது போவதற்குள் கொடுத்துவிடு என்கிறது. அரசாங்கம் 7 நாள் தவணை தருகிறது, மோசே ஒரு நாள்கூடத் தரவில்லை. ரோமர் 12ல் உள்ள அந்த வசனம் அநியாயம் பட்டவனுக்குச் சொன்ன ஆறுதல் தம்பி. கூலியைப் பிடித்து வைத்தவன் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு அல்ல. யாக்கோபு 5:4 வேறு இருக்கிறது, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறதாம்.

ஜெனிபர், 9:22
நானும் சொன்னேன் பெரிய மாமா, இவர் கேட்கவில்லை. அவன் பாஸ்போர்ட்டும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது

வில்சன், 9:22
ஜெனி!!

டேனியல், 9:23
அது குற்றம் அண்ணே. பாஸ்போர்ட் சட்டம் 1966. விளையாட்டு இல்லை, இன்றே கொடுத்துவிடு

வில்சன், 9:26
எல்லாரும் நீதிபதி ஆகிவிட்டீர்கள். சரி, தாத்தா வீடு விற்ற பணத்தில் எங்கள் அப்பா பங்கு என்ன ஆச்சு பெரியப்பா? அதற்கு எந்த வசனம்?

ரூத் அத்தை, 9:27
ஐயோ

ரூத் அத்தை, 9:27
கறிபாப் பலகாரம் யார் செய்வது? படகுத்துறை பக்கத்துக் கடையில் விலை ஏற்றிவிட்டான்

டேனியல், 9:28
இப்போ கறிபாப்பா அத்தை 😭

நேசம் அத்தை, 9:30
ரூத் நீயே செய். காரம் குறைவாக, சின்னப் பிள்ளைகள் வரும்

டேனியல், 9:33
அந்தப் பங்கு விஷயம், அப்பாவே வேண்டாம் என்று சொன்னதாக அம்மா சொன்னார்களே

வில்சன், 9:34
உனக்கு அப்போது வயசு ஆறு

சாமுவேல் பெரியப்பா, 10:25
லேவியராகமம் 6:5. பிறர் பொருளை வைத்திருந்தவன் முதலையும் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்க வேண்டும். சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனை கொடுத்தான். கணக்கு நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கூரை மாற்றியது, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். எல்லாரும் பார்க்கட்டும்.

வில்சன், 10:27
கூட்டத்துக்கு முன்பா பின்பா

நேசம் அத்தை, 10:28
என் வீட்டில் சண்டை வேண்டாம், சொல்லிவிட்டேன்

டேனியல், 10:31
பையன் சம்பளம்?

வில்சன், 10:40
வெள்ளிக்கிழமை பார்க்கலாம்

ஜெனிபர், 10:41
இன்றைக்கே பொழுது போக இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது

வில்சன், 10:52
சரி, பாதி இன்று போடுகிறேன். கதவுக் கணக்கு அப்புறம்

டேனியல், 10:52
பாதியா? பாஸ்போர்ட்??

ரூத் அத்தை, 10:58
கறிபாப்புக்கு உருளைக்கிழங்கா கோழியா, யாராவது சொல்லுங்கள். மாலையில் சந்தைக்குப் போகணும்